ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்தால்: குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த நோயை யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிப்பதில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனிலோ, அலுவலகத்தில் கட்டாயமாக்கிய முழு உடல் பரிசோதனையிலோ, ரிப்போர்ட்டின் அடியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி இருக்கும். மதுவைத் தொட்டே பார்க்காதவருக்கு அது பெரிய குழப்பம். வீட்டில் ஒருவர் “எல்லாருக்கும்தான் இருக்கு, விடு” என்பார். இன்னொருவர் கீழாநெல்லி அரைக்கத் தொடங்கிவிடுவார். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

கிரேடு 1, 2, 3 என்ற எண் கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி வேறு: கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, எந்த அளவுக்கு? கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பவருக்குத் தழும்பு இருக்கலாம். கிரேடு 3 என்று தூக்கம் கெட்டவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. அதன் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். ஸ்கேன் பொதுவாக 20, 30 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் அதைத் தெளிவாகக் காட்டும்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால்தான் இது வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்நோய் உள்ளவர்களின் கல்லீரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. ஏறக்குறைய 60 சதவீதம் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வந்திருந்தது. கால்வாசி, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரல் தானே தயாரித்தது. உணவில் இருந்த கொழுப்பின் நேரடிப் பங்கு 15 சதவீதம்தான். அதனால்தான் எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, சோற்றையும் சர்க்கரை போட்ட டீயையும் அப்படியே வைத்திருப்பவருக்குப் பலன் தெரிவதில்லை. இதற்கெல்லாம் அடியில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை. சர்க்கரை நோய், தொப்பை, ரத்தத்தில் உயர்ந்த டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆகியவை இதன் கூடவே வருவதும் அதனால்தான்.

பலருக்குக் கொழுப்போடு நின்றுவிடுகிறது. சிலருக்கு அழற்சி தொடங்கி, அது ஆறும் இடங்களில் தழும்பு விழுகிறது. தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை அளக்கிறார்கள். எஃப்4தான் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறிய நிலை. வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவருக்கு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக சராசரியாக 14 ஆண்டும், அழற்சி உள்ளவருக்கு 7 ஆண்டும் ஆகின்றன. அதாவது உங்களுக்கு நேரம் இருக்கிறது. வலி எதுவும் இல்லாமல் வளர்வதால் அந்த நேரத்தை வீணாக்கிவிடுவதும் எளிது.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜூர்கன் லுட்விக் குழுவினர் 1980இல் இந்த அழற்சியை விவரித்தபோது, குடிக்காதவர்களின் கல்லீரலில் குடிகாரர்களின் கல்லீரலைப் போன்ற சேதத்தைக் கண்டார்கள். அப்படித்தான் ‘என்ஏஎஃப்எல்டி’ (மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்), ‘நாஷ்’ (அதன் அழற்சி நிலை) என்ற பெயர்கள் பரவின. 2023இல் இவற்றை ‘எம்ஏஎஸ்எல்டி’, ‘மாஷ்’ என்று மாற்றினார்கள். ரிப்போர்ட்டில் எது இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நோய்தான்.

முதல் படி: வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

மதுவின் அளவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆணுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் கணக்கே வேறு. 30 மி.லி. விஸ்கியில் சுமார் 10 கிராமும், 650 மி.லி. சாதாரண பீரில் சுமார் 25 கிராமும் இருக்கின்றன. ‘எப்போதாவதுதான்’ என்பவரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு என்று எண்ணோடு சொல்வது நல்லது. கல்லீரலில் கொழுப்பு இருப்பது தெரிந்த பிறகு மதுவை முழுக்க விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து.

அடுத்து, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு, மீத்தோட்ரெக்சேட், டாமாக்சிஃபென், அமியோடரோன், வால்புரோயேட் போன்றவை கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடும். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நான்கு எண்களை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள்

இந்த நோய் புதிதாகத் தெரியவந்தவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கும் இருந்தால் ‘ஃபிப்-4’ என்ற மதிப்பெண்ணை வீட்டிலேயே கணக்கிடலாம். சாதாரண லேப் ரிப்போர்ட் போதும்.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். அது மேலே. பிளேட்லெட்டை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அது கீழே. மேலே வந்ததைக் கீழே வந்ததால் வகுங்கள். பிளேட்லெட்டை மட்டும் ஆயிரங்களில் எழுத வேண்டும். நம் லேபுகளில் 2.2 லட்சம் என்றோ 2,20,000 என்றோ அச்சிட்டிருப்பார்கள், இரண்டுக்கும் 220 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். வயது 46, எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.2 லட்சம். மேலே 46 × 52 = 2392. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 8, ஆகவே கீழே 220 × 8 = 1760. வகுத்தால் 1.36 வருகிறது.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். நம் உதாரணத்தில் உள்ளவர் நூலிழையில் நடுப்பகுதிக்குள் வந்துவிட்டார், அவர் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதில் 2.0 என்று வைத்துக்கொள்வார்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது.

எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கிறது, அதனால் கல்லீரலும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட வேண்டாம். தழும்பு முற்றியவர்களிலும் எஸ்ஜிபிடி சாதாரணமாக இருப்பவர்கள் உண்டு. இதே ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஃபைப்ரோஸ்கேன்

கணக்கு நடுவிலோ மேலேயோ வந்தவர்களுக்கு இது தேவை. சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது. விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுவது போன்ற அதிர்வை அனுப்பி, கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போவதற்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாகக் கூடிவிடும். மஞ்சள் காமாலை இருக்கும்போதும் எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறியிருக்கும்போதும் எடுத்தால் இதே சிக்கல்.

விடை கிலோபாஸ்கல் என்ற அலகில் வரும். 8க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 8 முதல் 12 வரை என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். 12க்கு மேல் முற்றிய தழும்புக்கான வாய்ப்பு அதிகம். அதே தாளில் கொழுப்பின் அளவைக் காட்டும் இன்னொரு எண்ணும் இருக்கும். அது பெரிதாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கல்தான். எல்லா ஊரிலும் இந்தக் கருவி இருக்காது, மாவட்டத் தலைநகரில் உள்ள குடல்-கல்லீரல் மருத்துவரிடம் எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். ஊசி போட்டுக் கல்லீரல் திசுவை எடுக்கும் பயாப்சி, இந்தச் சோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதும் வேறு நோய்ச் சந்தேகம் வரும்போதும் மட்டும் தேவைப்படுகிறது.

நான்காம் படி: எடைக்கு ஓர் இலக்கு எழுதிக்கொள்ளுங்கள்

‘எடையைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவது யாருக்கும் உதவாது. எவ்வளவு என்று தெரிய வேண்டும். 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 சதவீதத்தைத் தாண்டினால் அழற்சி தணியும். 10 சதவீதத்தை எட்டினால் தழும்பே கரைய வாய்ப்புண்டு. 78 கிலோ உள்ளவருக்கு இது முறையே 4 கிலோ வரை, ஐந்தரை கிலோ, 8 கிலோ என்று வரும்.

கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரம் பின்தொடர்ந்து, தொடக்கத்திலும் முடிவிலும் பயாப்சி செய்து பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. மருந்தே இல்லாமல் கிடைத்த பலன் இது. ஆனால் அந்த 10 சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இது கடினமான வேலை. முடியாமல் போனால் அது உங்கள் குணக்குறை ஆகிவிடாது. 5 சதவீதத்தில் நின்றாலும் அது வீண் அல்ல.

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும், கல்லீரல் அழற்சியும் கூடலாம்.

எடையோடு இடுப்பையும் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. நம்மவர்களுக்கான எல்லை. பிஎம்ஐயும் நமக்கு 23லிருந்தே கூடுதல் எடைதான், மேலை நாட்டவருக்கான 25 அல்ல. ஒல்லியான கை காலும் சின்னத் தொப்பையுமாக இருப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களுக்கு 3 முதல் 5 சதவீத எடைக்குறைப்பே நல்ல பலன் தரும்.

ஐந்தாம் படி: தட்டைத் திருத்துங்கள்

காலையில் நான்கு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவில் தோசை. பார்க்க எளிமையான சாப்பாடு, எண்ணெய்கூட அதிகமில்லை. ஆனால் நாள் முழுவதும் மாவுச்சத்துதான், பருப்பும் பயறும் ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும். ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம், ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்தைத் தருகிறது. மூன்று கப் சாப்பிட்டு உட்கார்ந்த வேலைக்குப் போகிறவருடைய கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றிவைக்கும்.

சோற்றை ஒழிக்க வேண்டியதில்லை. பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தட்டில் பாதிக்குக் காய்: அவரை, புடலை, பீர்க்கை, கோவைக்காய், கீரை, எது அன்று மலிவோ அது. கால் பங்குக்குக் கெட்டியான பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று. மிச்சமுள்ள கால் பங்குதான் சோற்றுக்கு. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்கள் குழம்பில் நல்லவை, வறுத்தால் அந்த நன்மை குறையும். தினை, வரகு, சாமை நல்லவைதான். அவையும் மாவுச்சத்துதான் என்பதால் அளவு மாறாது.

சர்க்கரையில் நான் கறாராக இருக்கச் சொல்வேன். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. 250 மி.லி. கோலாவில் 25 கிராமுக்கு மேல். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்கே போய் அங்கே எளிதாகக் கொழுப்பாகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், கொய்யாவும் பப்பாளியும் நல்ல தேர்வு. ஜூஸ் வேண்டாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, சர்க்கரை இல்லாத காபிக்குத் தடை சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

எண்ணெயின் அளவோடு வகையும் பேச வேண்டும். ஸ்வீடனில் உப்சாலா ஆய்வாளர்கள் இளைஞர்களில் ஒரு பிரிவுக்குப் பாமாயில் கலந்த மஃபினையும் இன்னொரு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெய் கலந்த மஃபினையும் ஏழு வாரம் கொடுத்து, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். இரு பிரிவுக்கும் எடை ஒரே அளவு ஏறியது. கல்லீரல் கொழுப்போ பாமாயில் பிரிவில்தான் மிக அதிகமாக ஏறியது. ரேஷன் பாமாயிலை நம்பியே சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம், அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வாங்க முடிந்தவர்கள் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். முடியாதவர்கள் பொரிப்பதைக் குறைத்துத் தாளிப்போடு நிறுத்துங்கள். பேக்கரி பப்ஸ், மிக்சர், பரோட்டா ஆகியவற்றை மாதத்தில் ஓரிரு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: உடலை அசைக்க வேண்டும்

வாரம் 150 நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. இதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. தராசு முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: மருந்து விஷயத்தில் நிதானம்

சாதாரண கிரேடு 1க்கு ‘லிவர் மாத்திரை’ தேவையில்லை. அடிக்கடி எழுதித்தரப்படும் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் இந்த நோயில் பலன் தரவில்லை என்று முறையான ஆய்வுகள் காட்டிவிட்டன. வைட்டமின் ஈ, பயோகிளிட்டசோன் ஆகியவை அழற்சி உறுதியான சிலருக்கு மட்டும், பக்க விளைவுகளை எடைபோட்டுத் தரப்படுபவை. சரோகிளிட்டசாருக்கு இந்தியாவில் 2020இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் தழும்புள்ள நோயாளிகளுக்கு ரெஸ்மெட்டிரோம் 2024இலும், செமாகுளுடைட் 2025இலும் அனுமதி பெற்றன. கடைசி இரண்டும் எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கானவை. உங்களுக்குத் தேவையா என்பதை மூன்றாம் படியின் விடைதான் சொல்லும்.

கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று பயந்து நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பானது, அவசியமும்கூட. இந்த நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான்.

மூலிகை என்பதால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகளும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளும் இதே சேதத்தைச் செய்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளால் எந்தப் பயமும் இல்லை.

எட்டாம் படி: எப்போது திரும்பப் பார்ப்பது

ஆறு மாதத்தில் எடை, இடுப்பளவு, எஸ்ஜிபிடி, ஹெச்பிஏ1சி. ஃபிப்-4 கணக்கு 1.3க்குக் கீழே இருந்து சர்க்கரை நோயும் இல்லை என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட்டால் போதும். சர்க்கரை நோய் இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. கிரேடு மாறியதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது பணத்துக்குக் கேடு. சிரோசிஸ் என்று உறுதியானவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கல்லீரல் புற்றுநோய் இல்லை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண் மஞ்சளாவது, வயிறு நீர் கோத்து உப்புவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, பேச்சில் திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்லீரல் கொழுப்பு நோயை இந்திய அரசு 2021இல் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சர்க்கரை இருப்பது அப்படித் தெரியவந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். இந்த நோய் குடும்பத்தில் ஓடுகிறது; பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் அதற்கு ஒரு காரணம் என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். வீட்டில் ஒருவருக்குத் தழும்பு முற்றியிருந்தால், 35 வயதைத் தாண்டிய மற்றவர்களுக்கு இதே நான்கு எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதுக்கு மீறிய எடையுள்ள பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவரிடம் எஸ்ஜிபிடி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது, அந்தப் பிள்ளையின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.